உறுதி எங்கே உருவாகிறது?
கடைசிப் பத்து நிமிடமும் மலேசிய ஹாக்கியும்

மலேசிய ஹாக்கிக் குழுவுக்கு உறுதி போதவில்லையா? அல்லது இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கும் முறையில்தான் கோளாறா? ஹாக்கியைப் பற்றிப் பேச நான்கு பேர் கூடினால் இந்த இரண்டு கேள்விகளும் தவறாமல் எழுகின்றன. கெப்பாலா பத்தாஸ் உணவுக்கடை மேசையானாலும் சரி, தொலைக்காட்சிக் கருத்தரங்க மேடையானாலும் சரி, ரசிகர்கள் உடனே இரு அணிகளாகப் பிரிந்து விடுகிறார்கள்.

இந்த வாக்குவாதம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1956இல் மலாயா என்ற பெயரில் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் காலடி வைத்த நாடு இது. 1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் எட்டாவது இடத்தைப் பிடித்தது. ஆனால் நம் ஆண்கள் குழு கடைசியாக ஒலிம்பிக் ஹாக்கியில் விளையாடியது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அதன் பிறகு ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ, தோக்கியோ, பாரிஸ் என ஆறு ஒலிம்பிக் போட்டிகள் நாம் இல்லாமலேயே நடந்து முடிந்தன. சிட்னி ஒலிம்பிக் நடந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று இருபத்தைந்து வயதாகிவிட்டது. தேசியக் குழு ஒலிம்பிக்கில் ஆடியதை அவர்கள் பார்த்ததே இல்லை.

இரு தரப்பு வாதம்

முதல் தரப்பினர் சொல்வது இதுதான்: "நம் ஆட்டக்காரர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. பந்தைக் கட்டுப்படுத்துவதில் ஐரோப்பியர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஆனால், நெருக்கடி வந்தால் ஆடிப் போகிறார்கள். உடல் பலமும் மன பலமும் உள்ள, அனுபவம் மிக்க ஆட்டக்காரர்களே களத்தில் நிற்க வேண்டும். இது சின்னப் பையன்களைச் சோதித்துப் பார்க்கும் இடமல்ல."

இரண்டாம் தரப்பினர் இதை ஏற்பதில்லை: "அதே பழைய முகங்களைத்தான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். அனுபவசாலிகள் இருந்தும் தோற்றுத்தானே போனோம்? இளைஞர்களுக்கு வழி விடுங்கள். இரண்டு போட்டிகளில் தோற்றாலும் பரவாயில்லை, எதிர்காலத்திற்கு ஒரு குழு கிடைக்கும்."

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும், இரு தரப்பினரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். உறுதி வேறு, இளையோர் மேம்பாடு வேறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடிப்படைத் தவறு. உறுதி என்பது பிறவிக் குணம் அன்று. அது ஓர் ஆட்டக்காரரின் இளம் வயதில், கடுமையான ஆட்டங்களின் வழி உருவாக்கப்படும் ஒன்று. இதற்கு நம் ஹாக்கி வரலாறே சாட்சி.

முன்னிலையில் இருந்தும் மூன்று தோல்விகள்

முதலில் 1975. உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசியக் குழு, நெதர்லாந்தை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி அரையிறுதிக்குள் நுழைந்தது. மெர்டேக்கா அரங்கில் நடந்த அரையிறுதியில் எதிரணி இந்தியா. மலேசியா 2-1 என முன்னிலை வகித்தது. ஆட்டம் முடிய ஒரு சில நிமிடங்களே இருந்த நிலையில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்பப்பட்ட அஸ்லாம் ஷேர் கான் அதைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார். இந்தியா அந்த உலகக் கிண்ணத்தை வென்றது. மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது. இன்றுவரை உலகக் கிண்ணத்தில் நமது மிகச் சிறந்த அடைவுநிலை அதுதான்.

இரண்டாவது, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியாட்டத்தில் மலேசியாவும் ஜப்பானும் மோதின. ஒரு கட்டத்தில் மலேசியா 5-2 என முன்னிலையில் இருந்தது. வென்றால் தங்கம் மட்டுமல்ல, தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதியும் கையில். ஆனால் ஆட்டம் 6-6 என்ற சமநிலையில் முடிந்தது. அடுத்து நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜப்பான் 3-1 என வென்றது. நமக்கு வெள்ளி. மறு ஆண்டு லண்டனில் பிரிட்டனுக்கு எதிரான தகுதிச் சுற்றிலும் தோற்றதால் தோக்கியோ கனவு கலைந்தது.

மூன்றாவது, 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம். இடைவேளையின்போது மலேசியா 3-1 என முன்னணியில் இருந்தது. மூன்றாம் கால் பகுதி முடியும் தறுவாயில், ஒரே நிமிடத்திற்குள் இந்தியா இரண்டு கோல்கள் போட்டுச் சமன் செய்தது. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவது கோலைப் போட, கிண்ணம் இந்தியாவின் வசமானது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இடைவெளியில் நடந்த ஆட்டங்கள் இவை. ஆட்டக்காரர்கள் வேறு, பயிற்றுநர்கள் வேறு, ஆட்டத் தரைகூட வேறு. ஆனால் மூன்றிலும் முன்னிலை பெற்றது நாம், வென்றது எதிரணி.

"அப்படியானால் முதல் தரப்பு சொல்வதுதானே சரி? நமக்கு மன உறுதி இல்லை என்றுதானே பொருள்?" என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். அதே 2018 ஜகார்த்தாவில், இறுதியாட்டத்திற்கு இரண்டு நாள் முன்பு நடந்த அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். இந்தியா 2-1 என முன்னிலையில் இருந்தது. 59ஆவது நிமிடத்தில் ராஸி ரஹிம் பெனால்டி கார்னர் வழி கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஷூட்-அவுட்டில் மலேசியா 7-6 என வென்றது. கோல் கம்பத்தில் நின்றவர் எஸ். குமார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் கூடுதல் நேரம் வரை போராடி இந்தியாவை 4-3 என வீழ்த்திய குழு நம்முடையது.

உறுதியே இல்லாத குழுவால் இப்படி வெல்ல முடியுமா? இரண்டே நாளில் ஒரு குழுவின் குணம் மாறிவிடுமா? மாறாது. அப்படியென்றால் 'உறுதி' என்று நாம் சொல்வதன் பொருளைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

உறுதி என்றால் என்ன?

உறுதி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது முரட்டுத்தனம். எதிரணியை இடித்துத் தள்ளுவது, நடுவரிடம் குரலை உயர்த்துவது, முறைப்பது. ஹாக்கியில் இதற்கு உடனடியாக விலை கொடுக்க வேண்டும். பச்சை அட்டை கிடைத்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மஞ்சள் அட்டை என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். அந்த நேரம் முழுவதும் குழு பத்து பேருடன்தான் ஆட வேண்டும். 60 நிமிட ஆட்டத்தில் ஐந்து நிமிடம் என்பது சிறிய காலம் அல்ல. எனவே, கோபத்தை அடக்கிக் கொள்பவரே ஹாக்கியில் உறுதியானவர்.

உண்மையான உறுதியை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது, பெனால்டி கார்னர் தற்காப்பு. கோல் காவலரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அவர்களில் ஒருவர் பந்தை அடிப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். எதிரே வரும் பந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். முகமூடியும் முழங்கால் காப்பும் மட்டுமே துணை. பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை ஓடிப் பழகியவருக்கு மட்டுமே அந்தத் துணிச்சல் வரும்.

இரண்டாவது, ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துக் கொண்டு எட்டு விநாடிக்குள் கோல் காவலரைக் கடந்து கோல் போட வேண்டும். அந்த எட்டு விநாடியில் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைசிக் கால் பகுதி. இன்றைய ஹாக்கி, 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். இதனால் ஆட்டத்தின் வேகம் பன்மடங்கு கூடிவிட்டது. தாக்குதல் ஆட்டக்காரர் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வருவார், மூச்சு வாங்கியதும் மறுபடியும் உள்ளே போவார். எதிரணியின் பதினெட்டு பேரும் ஒரே தரத்தில் இருந்து, நம்மிடம் பன்னிரண்டு பேர் மட்டுமே அந்தத் தரத்தில் இருந்தால் என்ன ஆகும்? முதல் பாதியில் வித்தியாசம் தெரியாது. நான்காம் பகுதியில் கால்கள் கனக்கத் தொடங்கும். கால் தளர்ந்தால் கண் தளரும். கண் தளர்ந்தால் தவறான முடிவு வரும். ரசிகர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மனம் உடைந்து விட்டது" என்பார்கள். உண்மையில் முதலில் தளர்ந்தது கால்தான்.

அதாவது, கடைசிப் பத்து நிமிட உறுதி என்பது உடல் தகுதி, மாற்று ஆட்டக்காரர்களின் தரம், அதே நெருக்கடியை முன்பே பலமுறை சந்தித்த அனுபவம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. இந்த மூன்றும் ஒரு மாத மையப் பயிற்சியில் வந்துவிடாது. பதினெட்டு வயதுக்கும் இருபத்து மூன்று வயதுக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில்தான் இவை உருவாகின்றன. இளையோர் மேம்பாடு பற்றிய பேச்சு இங்கேதான் உறுதி பற்றிய பேச்சோடு இணைகிறது.

ஏணி எங்கே உடைகிறது?

நம் நாட்டில் இளையோருக்கான ஏணி இல்லாமல் இல்லை. பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி, மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றப் போட்டி வரை ஒரு மாணவர் செல்லலாம். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. ஈப்போ ஆண்டர்சன் பள்ளி போன்று ஹாக்கிக்குப் பெயர் பெற்ற பள்ளிகள் இருக்கின்றன. மலேசிய இளையோர் ஹாக்கி லீக் இருக்கிறது.

இதன் பலனையும் நாம் கண்டிருக்கிறோம். 2011இல் ஜொகூர் பாருவில் முதல் முறையாக நடந்த சுல்தான் ஜொகூர் கிண்ணப் போட்டியில் மலேசிய இளையோர் குழு வாகை சூடியது. 2013இல் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில், கே. தர்மராஜின் பயிற்சியில் நம் இளைஞர்கள் நான்காம் இடத்தைப் பிடித்தார்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் உலகின் முதல் நான்கு குழுக்களில் ஒன்றாக இருந்தது நம் குழு.

பிறகு என்ன நடந்தது? மூத்தோர் குழு ஆசிய அளவில் இறுதியாட்டங்களுக்கு வந்து கொண்டுதான் இருந்தது. 2017 டாக்கா ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவிடம் 1-2 என்றும், 2022 ஜகார்த்தா ஆசியக் கிண்ண இறுதியில் தென்கொரியாவிடம் 1-2 என்றும் தோல்வி. வெள்ளிக்கு மேல் வெள்ளி. 21 வயதில் உலகத் தரத்தைத் தொட்டவர்கள் 25 வயதில் அந்தக் கடைசிப் படியை ஏற முடியாமல் போவதேன்?

காரணங்களைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. பதினேழு வயதில் எஸ்.பி.எம். தேர்வு வருகிறது. அதோடு பாதிப்பேர் ஹாக்கி மட்டையை மூலையில் வைத்து விடுகிறார்கள். கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவருக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை. முன்பு மின்சார வாரியம், காவல் துறை, இராணுவம், வங்கிகள் போன்றவை ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்து, விளையாடவும் விட்டன. காலை அலுவலகம், மாலை திடல் என்று குடும்பத்தைக் காப்பாற்றிக் கொண்டே நாட்டுக்கு ஆடியவர்கள் பலர். அந்த நிழல் இன்று சுருங்கிவிட்டது. மலேசிய ஹாக்கி லீக்கோ ஆண்டில் ஒரு சில மாதங்களில் முடிந்து விடுகிறது. எஞ்சிய மாதங்களில், தேசியக் குழுவில் இடம் பெறாத இருபது வயது இளைஞர் யாரோடு மோதுவார்?

தேசியக் குழுவில் இடம் பெற்ற இளைஞரின் நிலையும் பெரிதாக வேறல்ல. எளிய ஆட்டங்களில் களமிறக்கப்படுகிறார். இறுதியாட்டத்தின் நான்காம் பகுதியில் உட்கார வைக்கப்படுகிறார். ஐந்து ஆண்டு கழித்து அவரே மூத்த ஆட்டக்காரர் ஆகும்போது, நெருக்கடி நேரத்தில் விளையாடிய அனுபவம் அவரிடம் இருப்பதில்லை. பிறகு "உறுதி இல்லை" என்று அவரையே குறை சொல்கிறோம்.

இந்தியாவும் பெல்ஜியமும் காட்டும் வழி

கடைசி நேரத்தில் கோல் வாங்கித் தோற்கும் குழு என்று ஒரு காலத்தில் இந்தியாவும் ஏளனம் செய்யப்பட்டதுதான். 2016இல் லக்னோவில் நடந்த இளையோர் உலகக் கிண்ண இறுதியில் இந்தியா பெல்ஜியத்தை 2-1 என வென்றது. அந்த இளையோர் குழு கலைந்து போகவில்லை. ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சிம்ரன்ஜீத் சிங், குர்ஜந்த் சிங், சுமித், வருண் குமார், நீலகண்ட சர்மா ஆகிய ஏழு பேரும் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினார்கள். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜெர்மனி 3-1 என முன்னிலை பெற்றபோது அந்தக் குழு ஆடிப் போகவில்லை. 5-4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு ஹாக்கிப் பதக்கம் பெற்றுத் தந்தது. சிம்ரன்ஜீத் மட்டும் இரண்டு கோல்கள் போட்டார்.

லக்னோவுக்கும் தோக்கியோவுக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள். மேலே சொன்ன அதே ஐந்து ஆண்டுகள்தான்.

பெல்ஜியத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1976க்குப் பிறகு அந்த நாடு ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறவே 32 ஆண்டுகள் ஆயின. 2008 பெய்ஜிங்கில் மீண்டும் தலைகாட்டிய பெல்ஜியம், 2016 ரியோவில் வெள்ளி, 2018இல் உலகக் கிண்ணம், தோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் என உயர்ந்தது. உலகக் கிண்ண இறுதி, ஒலிம்பிக் இறுதி இரண்டையுமே அது வென்றது ஷூட்-அவுட்டில்தான். பெய்ஜிங்கில் இளைஞராக ஆடிய ஜான்-ஜான் டோமன், தோக்கியோவில் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார். இளம் வயதில் தோல்விகளைச் சந்தித்த ஒரு தலைமுறையைக் கலைக்காமல் ஒன்றாக வைத்திருந்து, அதனோடு ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்த்த பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது.

மூத்தவர்கள் வேண்டாமா?

இதைக் கேட்டதும் இரண்டாம் தரப்பினர், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதான் சரி! மூத்தவர்களை நீக்கிவிட்டு இளைஞர்களை இறக்குங்கள்" என்று கைதட்டக் கூடும். அதுவும் தவறு.

தோக்கியோ வெண்கல ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அதைத் தடுத்து வெற்றியைக் காப்பாற்றியவர் 33 வயது கோல் காவலர் ஸ்ரீஜேஷ். நம் எஸ். குமாரும் முந்நூறுக்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில் கோல் கம்பத்தைக் காத்தவர். அனுபவத்திற்கு மாற்று கிடையாது. அனுபவசாலி பக்கத்தில் நின்று வழிகாட்டும்போதுதான் இளைஞரும் பதற்றமின்றி ஆடுவார்.

பதினொரு இளைஞர்களை ஒரே நேரத்தில் களமிறக்கி, பத்து கோல்கள் வாங்க வைத்தால் அவர்களுக்கு வருவது உறுதியல்ல, பயம்தான். நாற்று நடுகிறவர் எல்லா வயலையும் ஒரே நாளில் உழுதுவிட்டு விதைநெல்லையும் விற்றுவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று இளைஞர்களை உள்ளே கொண்டு வந்து, முக்கியமான ஆட்டத்தின் முக்கியமான நேரத்தில் அவர்களை நம்பி விடுவதே முறை.

1975 அரையிறுதியில் நம் வெற்றியைப் பறித்த அஸ்லாம் ஷேர் கானுக்கு அப்போது 21 வயதுதான். உலகக் கிண்ண அரையிறுதி, கைநழுவும் ஆட்டம், சில நிமிடங்களே பாக்கி. அந்த நேரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் இருந்த ஓர் இளைஞரை நம்பி அனுப்பியது இந்தியா. அந்த ஆட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் அதுதான்.

கெப்பாலா பத்தாசிலிருந்து பார்த்தால்

தேசியக் குழுவின் தேர்வை மலேசிய ஹாக்கி சம்மேளனமும் தேசிய விளையாட்டு மன்றமும் பார்த்துக் கொள்ளட்டும், சாதாரண மக்களால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எழலாம். செய்ய முடியும்.

செபராங் பிறை வடக்கில் வயல்களும் பழைய தோட்டப்புறங்களும் புதிய குடியிருப்புகளும் கலந்த ஊர் கெப்பாலா பத்தாஸ். இங்குள்ள பையன் சாதாரணப் புல்தரைப் பள்ளித் திடலில்தான் மட்டையைப் பிடிக்கப் பழகுகிறான். அனைத்துலக ஹாக்கியோ 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. புல்லில் பழகியவனுக்குச் செயற்கைத் தரையில் பந்தின் வேகம் புதிது. வாரத்தில் ஒரு நாளாவது அந்தத் தரையில் ஆடும் வாய்ப்பை அவனுக்கு ஏற்படுத்தித் தர வேண்டும். பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு வேன் ஏற்பாடு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சிறிய ஊரிலிருந்து ஆட்டக்காரர்கள் வர முடியுமா என்று ஐயப்படுபவர்கள் தமிழ்நாட்டின் கோவில்பட்டியைப் பார்க்கலாம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஊர் முழுவதும் ஹாக்கியைத் தன் விளையாட்டாக நினைத்ததால் வந்த பலன் அது.

நம் சமுதாயத்திற்கும் இந்த விளையாட்டில் ஒரு பங்கு உண்டு. ஸ்ரீ சண்முகநாதன், எம். மகேந்திரன் தொடங்கி எஸ். குமார் வரை, தேசியக் குழுவில் நம்மவர்களின் பெயர்கள் நிலைத்து நின்றிருக்கின்றன. அந்த வரிசை தொடர வேண்டுமானால், பதினேழு வயதில் மகன் மட்டையை மூலையில் வைக்கும்போது பெற்றோர் அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். படிப்பா, விளையாட்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, இரண்டுக்கும் இடம் தரும் கல்லூரியைத் தேடிக் கொடுப்பது நல்லது. ஊரில் இருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்கள் மாலையில் ஒரு மணி நேரம் திடலுக்கு வரலாம். ஒரு பையன் மோசமாக ஆடிய நாளில் அவனைத் திட்டாமல், அடுத்த ஆட்டத்திலும் அவனையே களமிறக்கும் துணிவு பள்ளிப் பயிற்றுநருக்கும் வேண்டும்.

முடிவாக

உறுதியான குழு வேண்டுமா, இளைஞர்கள் வேண்டுமா என்ற கேள்வியே பிழையானது. இன்று இருபது வயதில் நெருக்கடியைச் சந்திக்க அனுமதிக்கப்படும் இளைஞர்தான், இன்னும் ஐந்து ஆண்டுகளில் கடைசிப் பத்து நிமிடங்களில் தளராமல் நிற்பார். இன்று அவரை உட்கார வைத்துவிட்டு, நாளை அவரிடம் உறுதியை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அடுத்த முறை நம் குழு முன்னிலை பெற்று, கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கும்போது, "இவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை" என்று தொலைக்காட்சியை அணைப்பதற்கு முன் ரசிகர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். களத்தில் நிற்கும் அந்தப் பதினொரு பேரும் இப்படிப்பட்ட பத்து நிமிடங்களை இதுவரை எத்தனை முறை ஆடியிருக்கிறார்கள்? நம் குழுவின் உறுதி எங்கே குறைகிறது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டிவிடும்.